குவார்த்தா என்றால் புதன்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு டியூஷன் சென்டருக்கு இருபத்திரண்டு வருடங்களாக வகுப்பு அட்டவணை போடுபவர் வேலாயுதம். எந்த ஆசிரியருக்கு எந்த அறை, எத்தனை மணிக்கு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நேரம், கிழமை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு.

அவர் மகள் யாழினி போர்ச்சுகலில் வேலை செய்கிறாள். அங்கேயே தியாகோ என்பவனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். சொந்தக்காரர்கள் அவனைத் தியாகு ஆக்கிக்கொண்டார்கள். ஆனால் அவன் அம்மா லூர்துஸுக்கு ஆங்கிலம் வராது. சம்பந்தியம்மாளிடம் நாலு வார்த்தை பேசாமல் என்ன கல்யாணம் என்று வேலாயுதம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு போர்த்துகீசிய வகுப்பில் சேர்ந்தார். சனிக்கிழமை தோறும் கொமுட்டர் ரயில் ஏறிப் போய் வந்தார்.

மூன்றாவது வாரம் தினசரி நேரங்களைச் சொல்லும் பாடம். ஐந்துக்கு எழுகிறேன், ஆறுக்குக் குளிக்கிறேன், எட்டுக்கு வேலைக்குப் போகிறேன். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தார். அடுத்து ஆசிரியை கிழமைகளை ஆரம்பித்ததும், 'எனக்கே கிழமையா?' என்று கீழே தே தாரிக் குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து பக்கத்து ஆளின் நோட்டை எட்டிப் பார்த்தார். செகுந்தா, தெர்சா, குவார்த்தா, கிந்தா. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பூ, இவ்வளவுதானா! திங்களை ஒன்று என்று வைத்து விரல் மடக்கினார். நான்காவது விரலில் வியாழன் வந்தது. அன்று மாலையே லூர்துஸுக்குச் செய்தி அனுப்பினார்: குவார்த்தா, மலேசிய நேரம் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் பேசலாம்.

போர்த்துகீசியர் ஞாயிற்றிலிருந்து எண்ணுகிறார்கள் என்று ஆசிரியை சொன்னபோது அவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று புதன் மாலை தலைக்குச் சாயம் பூசி, பிளாஸ்டிக் பையை மாட்டி, கிழிந்த பனியனோடு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. மகள்தான் என்று எடுத்தார். திரையில் முத்துமாலையும் உதட்டுச்சாயமுமாக லூர்துஸ். பக்கத்தில் யாழினி.

"அப்பா! என்ன கோலம் இது?"

"நாளைக்குத்தானே பேசறதா சொன்னேன்!"

"குவார்த்தான்னா புதன் பா. நீங்கதான் மெசேஜ் போட்டீங்க."

சமையலறையிலிருந்து மனைவி உஷாராணி எட்டிப் பார்த்தாள். "இவரு போட்ட டைம்டேபிளை நம்பி அத்தனை பிள்ளைங்க படிக்குதுங்க லா," என்றாள்.

லூர்துஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கே மணி என்ன என்று மரியாதையாகக் கேட்டார். பதற்றத்தில் வேலாயுதத்துக்கு மனப்பாடம் முந்திக்கொண்டது. ஐந்துக்கு எழுகிறேன், ஆறுக்குக் குளிக்கிறேன் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், இவர் தலையைப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

"மணி ஏழு ஆச்சே, இன்னும் குளிக்கலையான்னு கேக்கறாங்க," என்று மொழிபெயர்த்தாள் யாழினி.

சாயம் ஒரு கோடாக நெற்றியில் இறங்கியது. வேலாயுதத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன்னையும் தன் தலையையும் சுட்டிக்காட்டி, "புர்ரோ," என்றார். கழுதை. வகுப்பில் யாரும் சொல்லித் தராமல் அவராகத் தேடிக் கற்ற ஒரே வார்த்தை அது. லூர்துஸ் அதற்குமேல் அடக்கவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

கூச்சம் போனதும் பேச்சு வந்தது. வேலாயுதம் அவர்களுடைய நேரங்களைக் கேட்டார். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? ஒன்பதுக்கு என்றார் லூர்துஸ். ஏழு மணிக்குத் தட்டு வராவிட்டால் சிறு வயதிலிருந்தே யாழினிக்குத் தலைவலி வந்துவிடும். அதை எப்படிச் சொல்வது? மகள் பெயரையும் 'பசி' என்ற வார்த்தையையும் சேர்த்து எதையோ உளறினார்.

லூர்துஸ் யாழினியின் தோளில் கை வைத்தார். அவளுக்கு மட்டும் ஆறரைக்கே சூப் வைத்துவிடுவேன் என்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அப்பா, இவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"வேணாம்மா," என்றார் வேலாயுதம். "புரிஞ்சிடுச்சு."