சுவரில் மாட்டிய நன்றி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மெக்ரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவர்கள் இவர்கள்: தலைமாட்டில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, வீட்டுக்காரரும் சபை உதவிக்காரருமான டீக்கன் எஸல் மெக்ரே. அவருக்கு வலப்பக்கம், விருந்தாளிக்கென்றே வைத்திருக்கும் கைவைத்த நாற்காலியில் பாஸ்டர் ஹோலிஸ். இடப்பக்கம் எஸலின் தங்கை க்ளோட்டீன். ஆஸ்பத்திரி சலவைக்கூட வேலைக்குக் கொண்டுபோகும் துணிப்பையை அன்றைக்கென்று சாப்பாட்டுக்கும் கொண்டுவந்து, காலடியில் இடுக்கி வைத்திருந்தாள். அடுக்களை வாசலை ஒட்டி, எழுந்து பரிமாற வசதியாக மூத்த மகள் ஆர்லெட்டா. அவளுக்கு எதிரே மாப்பிள்ளை ரோஸ்கோ, தோளில் இரண்டு மாதம்கூட ஆகாத பெண்குழந்தையோடு. ரோஸ்கோவுக்குப் பக்கத்து நாற்காலி காலி. அது அவன் மனைவி, எஸலின் இளைய மகள் லவோனியாவின் இடம். யாரும் அதில் ஒரு கைக்குட்டையைக்கூடப் போடவில்லை.

பாஸ்டர் ஜெபம் செய்தார். சற்று நீளமாகவே செய்தார். கோழி ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமென்" என்று அவர் முடிப்பதற்குள் க்ளோட்டீன் சோளரொட்டியை எடுத்துவிட்டாள். "பாஸ்டரய்யா, கர்த்தருக்கு எங்க வீட்டு அட்ரஸ் தெரியும். இவ்ளோ வழி சொல்ல வேண்டாம்."

பாஸ்டர் சிரித்தார். எஸல் சிரிக்கவில்லை. அவருடைய தட்டில் கீரையும் ஒரு துண்டு ரொட்டியும் மட்டும் இருந்தன. மகளைப் புதைத்த நாளிலிருந்து அவர் சாப்பாடு அவ்வளவுதான்.

பாஸ்டர் எதற்காக வந்திருக்கிறார் என்பது மேசையில் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி இயக்குநர் கார்விக் அடுத்த ஞாயிறு சபைக்கு வர விரும்புகிறார். ரத்த அழுத்தம் பார்க்க நர்சுகளைக் கூட்டிவருவார். வயசானவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக சபைக்கு ஒரு வேன் தருவார். லவோனியாவின் பெயர் பொறித்த ஒரு பித்தளைப் பலகையும் தருவார். எஸல் எழுந்து நின்று அதை வாங்கிக்கொண்டு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால், ஆர்லெட்டா மாநில மருத்துவக் குழுவுக்கு அனுப்ப நினைத்திருக்கும் புகார் அதோடு செத்தது. அப்பா பலகையை வாங்குவாரா, புகாரில் கையெழுத்துப் போடுவாரா என்பதுதான் அன்றைக்குத் தீர வேண்டிய விஷயம். அவர் கையெழுத்து இல்லாமல் அனுப்ப ஆர்லெட்டாவுக்கு மனம் வரவில்லை. ரோஸ்கோவும் மாமனார் சொல்லுக்காகத்தான் காத்திருந்தான்.

"நான் யாரையும் கட்டாயப்படுத்த வரல, டீக்கன்" என்றார் பாஸ்டர். "இந்த ஊர்ல நமக்கு இருக்கிறது அந்த ஒரு ஆஸ்பத்திரிதான். சபையில பாதிப் பேர் அங்கதான் வேலை பாக்குறாங்க. நம்ம க்ளோட்டீனையே எடுத்துக்கங்க."

"என்னை எடுத்துக்க வேணாம். நான் கனமான ஆளு" என்றாள் க்ளோட்டீன்.

ஆர்லெட்டா அடுக்களைக்குப் போய் ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளிக்கிழமை வந்த பதிலைக் கொண்டுவந்தாள். தங்கை எப்படி இறந்தாள் என்று கேட்டு அவள் எழுதியதற்கு வந்த பதில். சபைக் காரியதரிசியாக எத்தனையோ இரங்கல் தீர்மானங்களைக் குரல் நடுங்காமல் வாசித்தவள் அவள். இதையும் அப்படியே வாசித்தாள்.

"நோயாளி கடைசிவரை அமைதியாகவும் ஒத்துழைப்புடனும் நடந்துகொண்டார். வலி எவ்வளவு என்று கேட்டபோதெல்லாம் பத்துக்கு ஐந்து என்றே கூறினார். கூடுதல் பரிசோதனைக்கு அவசியம் எழவில்லை. தங்கள் குடும்பத்தினர் அன்புடன் அனுப்பிய நன்றி அட்டை எங்கள் சேவைக்குச் சான்றாக பிரசவப் பிரிவின் சுவரை அலங்கரிக்கிறது."

வாசித்து முடித்து அதை மடித்தாள்.

அந்த அட்டையை எழுதியவள் ஆர்லெட்டாதான். அவர்கள் ஊரான ஓக்லினில் கறுப்பர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால், பூ அனுப்பியவர், கோழி பொரித்துக் கொடுத்தவர், நாற்காலி இரவல் தந்தவர் என்று ஒருவர் விடாமல் நன்றி அட்டை போக வேண்டும். எஸல் வீட்டில் இதில் சமரசமே கிடையாது. வெள்ளைக்காரர் யாராவது பூ அனுப்பியிருந்தால் அவருக்குத்தான் முதல் அட்டை. வளர்ப்பு சரியில்லாத கூட்டம் என்று அவர்களில் ஒருத்தன் வாயிலும் வந்துவிடக் கூடாது என்பார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆளுயர மலர்வளையம் வந்திருந்தது. 'எங்கள் துயர வேளையில் தாங்கள் காட்டிய பரிவுக்கும் அக்கறைக்கும் நன்றி' என்ற அச்சடித்த வரிக்குக் கீழே ஆர்லெட்டா தன் அழகான கையெழுத்தில் குடும்பத்தின் பெயரை எழுதி அனுப்பினாள். தபால்பெட்டியில் போட்டபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம்.

"அஞ்சுன்னு அவதான் சொன்னா" என்றார் எஸல், தட்டைப் பார்த்தபடி. "நாம இல்லன்னு சொல்ல முடியாது."

"சொன்னா மாமா." ரோஸ்கோ குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பேசினான். "நான் பக்கத்துலதான இருந்தேன். நர்ஸ் உள்ள வர்றதுக்கு முன்னாடி எங்கிட்ட கண்ணாடி கேட்டா. உதட்டுச்சாயம் போட்டுக்கிட்டா. வயித்தை வெட்டிப் புள்ளைய எடுத்து அரைநாள் ஆகல, தலையை வாரிக்கிட்டா. நர்ஸ் எத்தனைன்னு கேட்டதும் சிரிச்சுக்கிட்டே 'அஞ்சு இருக்கும் மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னா. நர்ஸ் போனதும் என் கையைக் கடிச்சா. இங்க பாருங்க."

கட்டைவிரலுக்குக் கீழே தழும்பு இன்னும் இருந்தது.

"பத்துன்னு சொல்லுடின்னேன். சொன்னா போதை மாத்திரைக்கு அலையுறான்னு எழுதிடுவாங்கன்னா. கத்துடின்னேன். கத்துனா உன்னை வெளிய அனுப்பிருவாங்கன்னா. நானே போய் டாக்டரைக் கூப்பிடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டாந்தடவை டாக்டர் வரல, காவலாளி வந்தான். வாசல்ல நின்னான், இடுப்புல கை வச்சுக்கிட்டு. நான் உக்காந்துட்டேன், மாமா. அவன் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ரெண்டு கையையும் முட்டி மேல வச்சுக்கிட்டு, விடியிற வரைக்கும் உக்காந்தே இருந்தேன். உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டிக்கிட்டே இருந்திருக்கு."

பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

க்ளோட்டீன்தான் பேச்சை எடுத்தாள். "எனக்கு கிட்னியில கல்லு வந்தப்ப என்ன சொன்னேன் தெரியுமா? நாலு. தரையில உருண்டுக்கிட்டே நாலுன்னேன். அந்தப் பொண்ணு வெறும் தலைவலி மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டா. நானும் தேங்க்யூன்னுட்டு வந்தேன்."

"நீ ஏன் நாலுன்னே, அத்தை?" என்றாள் ஆர்லெட்டா.

"ஏன்னா? உங்கப்பன் கால்ல பஸ் ஏறுனப்ப ரெண்டுன்னாரு. அண்ணனை மிஞ்ச வேணாமா?"

பாஸ்டரே குலுங்கிச் சிரித்துவிட்டார். சிரிப்பு மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காலி நாற்காலிக்கு அருகில் அடங்கியது.

அது அந்த வீட்டில் மட்டும் உள்ள வழக்கமல்ல. ஓக்லினில் கறுப்புத்தோலோடு பிறந்த எவரும் ஆஸ்பத்திரிக்கு, ஆராதனைக்கு உடுத்தும் நல்ல உடுப்பில்தான் போவார்கள். எங்கே வேலை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார்கள். வலியைப் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். முழுசாகச் சொன்னால் ஆஸ்பத்திரியில் நடிப்பு என்பார்கள். பாதியாகச் சொன்னால் ஒருவேளை நம்புவார்கள். லவோனியாவுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேச்சு வந்த காலத்திலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு வந்துவிட்டது.

"இருந்தாலும் டீக்கன்," என்று பாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார், "கசப்பை மனசுல வச்சுக்கிட்டு..."

"பாஸ்டரய்யா, ஒரு நிமிஷம்." க்ளோட்டீன் குனிந்து பையைத் தூக்கினாள். உள்ளேயிருந்து ஆஸ்பத்திரித் தலையணை உறை ஒன்றை எடுத்து, அதற்குள்ளிருந்து எதையோ உருவிக் கோழித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கண்ணாடி போட்ட சின்ன மரச்சட்டம். அதற்குள் ஆர்லெட்டா எழுதிய அட்டை.

"பிரசவ வார்டுக்குப் போற வழியில மாட்டியிருந்தாங்க. மேல 'எங்கள் குடும்பங்கள் சொல்கின்றன'னு தங்க எழுத்து. தினம் வண்டியைத் தள்ளிக்கிட்டு அதைத் தாண்டித்தான் போறேன். நேத்து நம்ம பொண்ணு ஒருத்தி, நிறைமாசம், இடுப்பைப் புடிச்சுக்கிட்டு அதுக்குக் கீழ நின்னு படிச்சுட்டு இருந்தா. புருஷன்கிட்ட சொல்றா, 'பாருங்க, மெக்ரே குடும்பம். நம்ம ஆளுங்களை நல்லாத்தான் பாத்துக்குறாங்க போல'ன்னு."

க்ளோட்டீன் தண்ணீர் குடித்தாள்.

"கழட்டி அழுக்குத் துணிக்குள்ள போட்டுக்கிட்டேன்."

"உன் வேலை போயிரும்டி" என்றார் எஸல். தங்கையை டி போட்டு அவர் கூப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று.

"தெரியும்ணே."

எஸல் சட்டத்தைக் கையில் எடுத்தார். தூரமாகப் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். அப்போது குழந்தை விழித்துக்கொண்டது. சிணுங்கவில்லை, எடுத்த எடுப்பிலேயே முகம் சுருங்கி, நுரையீரல் முழுவதையும் கூட்டி அலறியது. ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரி வழக்கம்போலத் தோட்டத்தில் நின்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

எஸலின் கை தானாக எழுந்தது. "உஷ், உஷ். நல்ல புள்ளையில்ல நீ? சத்தம் போடக் கூடாது கண்ணு, அந்தம்மா பாக்குறாங்..."

வாக்கியம் முடியவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவர்போல ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

"விடுங்க மாமா" என்றான் ரோஸ்கோ. "கத்தட்டும்."

குழந்தை கத்தியது. எதிர்வீட்டுக்காரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எஸல் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார் என்றுதான் ஆர்லெட்டா நினைத்தாள். அவர் அசையவில்லை. பால்புட்டி வரும்வரை அத்தனை பேரும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு எஸல் பாஸ்டரைப் பார்த்தார். "வேன் வந்தா சபைக்கு நல்லதுதான், பாஸ்டரய்யா. வாங்கிக்கங்க. பலகை எனக்கு வேணாம். அவ பேரை அந்தாள் கையிலேர்ந்து நான் வாங்க மாட்டேன்."

"நீங்க இல்லாம வேன் வராது, டீக்கன். அது உங்களுக்கே தெரியும்."

"அப்ப நடப்போம்."

பாஸ்டர் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, யாரிடமும் கோபமில்லாமல், தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு துண்டு கேக்கை மடித்துக் கொடுத்தாள் ஆர்லெட்டா. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார்.

மேசையை ஒழித்துத் துடைத்துவிட்டு ஆர்லெட்டா காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள். 'மதிப்பிற்குரிய குழுவினருக்கு, தங்கள் பொன்னான நேரத்தை' என்று ஆரம்பித்தாள். கிழித்தாள். 'தயவுகூர்ந்து' என்று ஆரம்பித்தாள். அதையும் கிழித்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட கடித மரியாதைகள் ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் பிடுங்கிப்போட்ட பிறகுதான் கடிதம் ஓடியது. நடந்ததை வரிசையாக எழுதினாள். ரோஸ்கோ சொன்னதை அவன் சொன்னபடியே எழுதினாள். கடைசியில் இப்படி எழுதினாள்:

'என் தங்கை ஐந்து என்றாள். எங்கள் வீட்டில் ஐந்து என்றால் உயிர் போகிறது என்று அர்த்தம். ஆஸ்பத்திரியில் முழுசாகச் சொல்ல எங்களுக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் அவர்கள் அமைதி என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அனுப்பிய நன்றி அட்டையை இத்துடன் வைத்திருக்கிறோம். அந்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.'

அந்த வரியில் பேனா நின்றது. "அத்தை, அட்டையை வச்சா, எடுத்தது யாருன்னு தெரிஞ்சிடும். நகல் எடுத்து வைக்கட்டுமா?"

க்ளோட்டீன் சட்டத்தின் பின்பக்க ஆணிகளை வெண்ணெய்க்கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தாள். "அசலையே வை. நகலைப் பாத்தா, இன்னும் சுவத்துல தொங்குதுன்னுல்ல நினைப்பாங்க."

எஸல் கையெழுத்துப் போட்டார். 'தங்கள் உண்மையுள்ள' என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டு, பேனாவை அழுத்தி அதை அடித்தார். அடித்தது காகிதத்தின் மறுபக்கமும் தெரிந்தது. ரோஸ்கோ குழந்தையைக் கை மாற்றிக்கொண்டு, அவர் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டான்.

மறுநாள் காலை ஆர்லெட்டா தபாலாபீசுக்குக் கிளம்புகையில் போன் அடித்தது. க்ளோட்டீன்.

"வாசல்லயே நிறுத்திட்டாங்கடி. கேமரா இருந்திருக்கு. சாவியையும் மேலங்கியையும் வாங்கிட்டு, ரொம்ப மரியாதையா வெளிய கொண்டுவந்து விட்டாங்க. அதே காவலாளிதான்."

"அத்தை..."

"நீ போஸ்ட் பண்ணிட்டியா?"

"இப்பத்தான் போறேன்."

"அப்புறம் என்ன போன்ல பேச்சு? போ."

வரிசையில் இரண்டே பேர். கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி பல வருஷப் பழக்கம்; சபையின் கடிதங்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும்.

"வாங்க மிஸ் மெக்ரே. வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

'நல்லா இருக்கோம், கேட்டதுக்கு நன்றி.' வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆர்லெட்டா அதை விழுங்கினாள்.

"நல்லா இல்ல" என்றாள்.

அந்தப் பெண்மணியின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது. ஆர்லெட்டா உறைக்குள் கடிதமும் அட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தாள். ஓரத்துப் பசையை ஈரமாக்கி, உறையை ஒட்டி, கட்டைவிரலால் முனை முதல் முனை வரை அழுத்தினாள். பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னாள். முத்திரை இரண்டு தடவை விழுந்தது. அந்தப் பெண்மணி உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.