அன்னா பாடிய கேசட்

டோனி போன் செய்தபோது லூசி டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பிள்ளைங்க போன்ல பாட்டு கேட்டு அலுத்துப்போய்க் கேசட் தேடுதாங்க சிஸ்டர். ஒரு கடைக்காரன் நம்ம பழைய கேசட்டை மறுபடியும் போடுதான். சனிக்கிழமை லோதி ரோடு ஹால்ல வெளியீடு. அவசியம் வாங்க."

ஓய்வுபெற்ற நர்ஸ் லூசிக்கு அதற்குமேல் காய் வாங்கத் தோன்றவில்லை. பல வருஷங்களுக்கு முன் டோனி நடத்திய தேவாலயப் பாடகர் குழு அந்தக் கேசட்டைப் போட்டபோது, பாட வேண்டியவள் டோனியின் மனைவி அன்னா. ஒலிப்பதிவன்று அன்னாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதே குழுவில் பாடிக்கொண்டிருந்த, டியூட்டி முடித்து நேரே வந்த லூசிதான் எல்லாப் பாட்டையும் பாடினாள். அட்டையோ அன்னாவின் பெயரோடு முன்பே அச்சாகியிருந்தது. "அடுத்த தடவை உங்க பேரைப் போட்டுருதேன்" என்றார் டோனி. அடுத்த தடவை வரவேயில்லை. லூசியும் வாய் திறக்கவில்லை, மகன் ஆரோனிடம்கூட. பெயருக்காகப் பாடியதுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சம்.

இதோ, வந்துவிட்டது. சனிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள்.

ஹாலில் மேடைமேல் அன்னா பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தாள். லூசி மேசையிலிருந்த கேசட்டை எடுத்துப் பார்த்தாள். அதே அட்டை. அதே பெயர்.

"டோனி அண்ணே, மாத்தலியா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பழைய அட்டை அப்படியே இருந்தாத்தான் விக்குமாம் சிஸ்டர். இவங்களுக்கு எல்லாம் அசலா இருக்கணும்."

கீழே இறங்கிய அன்னாவை ஒரு டெல்லிப் பெண் மறித்துக் கையெழுத்து வாங்கினாள். "மூச்சே விடாம எப்படிப் பாடினீங்க ஆன்ட்டி?" என்று இந்தியில் கேட்டாள்.

அன்னா லூசியை ஓரக்கண்ணால் பார்த்தாள். "பிராக்டிஸ், பேட்டா."

பிறகு லூசியின் கையைப் பற்றி, "ஏட்டி, இத்தனை வருஷத்துல எனக்கே நான்தான் பாடுனேன்னு ஆகிப்போச்சு. பேரப்பிள்ளைங்க நிக்குது. விட்டுருட்டி" என்று கிசுகிசுத்தாள்.

லூசி கையை உருவிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்று முதல் பாட்டைப் பாடத் தொடங்கினாள். இரண்டாவது அடியில் குரல் உடைந்தது. விடாமல் உச்சத்துக்கு ஏறினாள். மூச்சு வாங்கியது; பாட்டு இருமலில் போய் முடிந்தது. சுற்றி நின்றவர்கள் பெரிய மனதோடு கை தட்டினார்கள்.

"ஸோ ஸ்வீட்! நீங்களும் கோரஸ்ல இருந்தீங்களா ஆன்ட்டி?"

அன்னா தலை குனிந்திருந்தாள். குனிந்தபடியே அடுத்த கேசட்டில் கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்து ஆரோனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கடைக்காரன் இன்டர்நெட்டில் ஏற்றியிருந்த பாட்டை அவன் தன் போனில் பொறுமையாகக் கேட்டான்.

"அச்சா பாட்டும்மா. ஆனா இது உன் குரல் மாதிரியே இல்லியே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை லூசி தமிழ்ப் பூசைக்குப் போகவில்லை. பாடகர் குழுவில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் வேறொருத்தி நின்றாள். யாரும் ஏனென்று கேட்டு வரவுமில்லை.