எண்பத்தேழாவது வரியும் கிரகரியின் கராவோக்கேயும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்டது கதையே இல்லை. எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு 'வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேவையா?' என்று ஒரு கட்டுரை. ரெண்டே பக்கம், பயனுள்ளதாக இருக்கணும் என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன்.

'இன்றைய நவீன உலகில் கணினி என்பது மனித வாழ்வின் இன்றியமையாத—'

சீ. இதை நானே படிக்க மாட்டேன்.

'வைரஸ் என்பது யாதெனில்—'

இந்த இடத்தில்தான் ஐவி உள்ளே வந்தாள். மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆபீஸ் கிராணி, அதாவது குமாஸ்தா. வயது ஐம்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடி எப்போதும் கழுத்தில்தான் தொங்கும். அவளை உண்டாக்கினவன் நான்தான், ஆனாலும் என்னையே அதட்டுவாள். "கட்டுரையெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்லா. என் லிஸ்ட் காணாமப் போனதை எழுதுங்க" என்றாள். கட்டுரை அன்றோடு போச்சு.

2

ஐவி மகள் மெலிசாவுக்குக் கல்யாணம். தோட்டத்தில் கல்யாணம் என்றால் பத்திரிகையை போனில் அனுப்புவதெல்லாம் கணக்கிலேயே சேராது. புருஷனும் பெண்சாதியும் ஜோடியாகப் போகணும். அந்த வீட்டில் ரெண்டு பேரும் இருக்கணும். அவர்கள் வாசலில் நின்று வாய் திறந்து கூப்பிடணும். ஒருத்தர் இல்லாத நேரத்தில் இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு வந்தால் அதற்குப் பெயர் அழைப்பு இல்லை, அவமானம்.

அதனால் ஐவி ஐந்து மாதமாக ஒரு லிஸ்ட் டைப் பண்ணினாள். திரிங்காப், லெம்பா பெர்த்தாம் ஊர்கள் வரைக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு. வீட்டுக்கு ஒரு வரி. எந்த நேரம் போனால் ரெண்டு பேரும் இருப்பார்கள் என்று ஒரு கட்டம். கடைசியில் 'குறிப்பு' என்று இன்னொரு கட்டம், அவள் கண்ணுக்கு மட்டும்.

'வீரப்பன்: குகனேஸ்வரனுக்கு எதிரே உட்கார வைக்காதே. கேரம் சண்டை இன்னும் முடியல.'

'நாகரத்தினம்: சோத்துல உப்பு இல்லன்னு மைக்கில் சொல்லுவார். மைக் பக்கம் விடாதே.'

எண்பத்தேழாவது வரி தங்கம்மா. அந்தக் குறிப்பை இப்போது சொல்ல மாட்டேன், சண்டையைச் சொல்கிறேன். தங்கம்மா ஐவியின் பக்கத்து வீடு, ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தன் மகன் கல்யாணத்துக்குத் தங்கம்மா பத்திரிகை கொண்டு வந்தபோது ஐவி ஆபீஸில் இருந்தாள். ஐவியின் புருஷன் கிரகரி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். 'பக்கத்து வீட்டுக்காரி, அஞ்சு மணி வரைக்கும் காத்திருக்க முடியலையா?' என்று கொதித்த ஐவி கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை ஒரே குழம்பை ரெண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்கள்.

இப்போது மெலிசா கல்யாணத்துக்கு ரெண்டே வாரம். தங்கம்மா இல்லாமல் கல்யாணமா? பத்தடி நடந்தால் அந்த வாசல், ஆனால் ஐவிக்குக் கால் போகவில்லை.

3

கிரகரி, ஐவியின் புருஷன். தேயிலை லோரி ஓட்டுகிறவர். பாட்டுப் பைத்தியம்.

(முதல் வரைவில் இவரைக் கெட்டவராக்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. சிரித்துவிடுகிறார்.)

"ஐவி, நம்ம கம்ப்யூட்டர் எங்கயாச்சும் வெளிய போவுதா? மூலையில கெடக்குது. அதுக்கு எதுக்குலா காவக்காரன்?" என்பார்.

"அது போகாட்டி என்னாங்க? அதுக்குள்ள வர்றது எங்கெங்க போயிட்டு வருதோ!" என்பாள் ஐவி.

வந்தது பென்டிரைவ். தோட்டத்தில் பெரிய அண்டா, பந்தல் துணி, அறுபது நாற்காலி எல்லாம் பொது. அதேபோல விசேஷப் பாட்டெல்லாம் ஏற்றின பென்டிரைவ் ஒன்றும் பொது. டேவான் என்கிற பொது மண்டபத்தில், நாற்காலி அடுக்கின மூலையில், ஓர் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இருட்டுவதற்குள் ஆணியில் திரும்ப மாட்டிவிடணும். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அதில் யாரோ, மைக் பிடித்து இசையோடு கூடப் பாடுகிற கராவோக்கே சாமான் ஒன்றைப் போட்டு வைத்திருந்தார்கள். கிரகரி அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 'முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்' என்று கேட்டது. மரியாதையாகக் கேட்கிறதே என்று அணைத்துவிட்டார்.*

* கட்டுரையில் போகவேண்டியது: இப்போது வருகிற கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் காவல் கூடவே வருகிறது. அதை அணைக்காமல், அப்டேட் பண்ணிக்கொண்டு, கண்டதையும் திறக்காமல் இருந்தால் அநேகம் வீடுகளுக்கு அதுவே போதும். அணைக்கச் சொல்கிற சாமானை மட்டும் நம்பாதீர்கள். பாருங்கள், கட்டுரை நாலு வரியில் முடிந்தது.

4

ஐவி லிஸ்ட்டை அச்சடிக்க, அதே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போனாள். கடையில் போல்டர் திறக்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால் வீட்டிலும் அதே கதை. ஒவ்வொரு போல்டர் மேலும் குட்டி அம்புக்குறி. தட்டினால் உள்ளே ஒன்றுமே இல்லை.

"அஞ்சு மாசங்க!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "யாரைக் கூப்பிட்டேன், யாரைக் கூப்பிடல ஒண்ணும் தெரியலயே! ஒரு வீட்டை விட்டாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்களே, ஆண்டவரே!"

இந்த இடத்தில் கிரகரி உண்மையை ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே போய், காலையில் கழுவின லோரியை மறுபடியும் கழுவினார்.

பென்டிரைவிலும் ஒன்றும் இல்லை என்று நினைத்த ஐவி, மூக்கைச் சிந்திக்கொண்டே போய், இருட்டுவதற்குள் அதை ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். சட்டம் சட்டம்தானே.

5

மறுநாள் அதை எடுத்தவள் புவனேஸ். யார் இந்த புவனேஸ்? ஒன்பது வருஷத்துக்கு முன் அந்தக் கல்யாணத்தில் மணவறையில் உட்கார்ந்திருந்த பெண். தங்கம்மாவின் மருமகள். மகளுக்குப் பிறந்தநாள், பாட்டு வேண்டும்.

அவள் லேப்டாப்பில் காசு கொடுத்துப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தது. பென்டிரைவைச் செருகினதும் அது கத்தின கத்தலில் தங்கம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அந்த வைரஸ் எதையும் அழிக்கிற ஜாதி இல்லை, ஒளித்து வைக்கிற ஜாதி. சுத்தம் பண்ணி முடிந்ததும் ஒளிந்திருந்தது எல்லாம் வரிசையாக வெளியே வந்தது. பாட்டு வந்தது. கூடவே 'மெலிசா கல்யாணம்' வந்தது.

"அடுத்த வீட்டு விஷயம், மூடும்மா" என்றாள் தங்கம்மா.

"நம்ம பேரும் இருக்கு அத்தை."

"இருக்கா? அப்ப படி."

வீரப்பனுக்குச் சிரித்தார்கள். நாகரத்தினத்துக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எண்பத்தேழாவது வரிக்கு வந்ததும் புவனேஸ் குரல் இறங்கிப்போச்சு.

'தங்கம்மா அக்கா, ராமசாமி அண்ணன்: எந்த நேரம் இருப்பாங்கன்னு சுவத்துக்கு இந்தப் பக்கமே கேக்குது. எப்படிக் கூப்பிடறதுன்னுதான் தெரியல. அக்கா வராட்டி எனக்கு இது கல்யாணமே இல்ல.'

"இன்னொரு தடவை படி" என்றாள் தங்கம்மா. புவனேஸ் படித்தாள்.

6

முடிவுக்கு மூன்று வரைவு எழுதினேன்.

முதல் வரைவு: தங்கம்மா லிஸ்ட்டை அச்சடித்து டேவான் சுவரில் ஒட்டி— இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. கிழித்துவிட்டேன்.

இரண்டாவது: ரெண்டு பேரும் கட்டிப்பிடித்து அழ, மொத்த லயத்து வீடுகளும் கைதட்ட— "என்னா, நாடகமா போடறீங்க?" என்று ஐவியே கேட்டுவிட்டாள்.

மூன்றாவதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஐந்து மணி. ஐவி வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் தங்கம்மா, கையில் பென்டிரைவ்.

"ஒன் லிஸ்ட் உள்ள இருக்கு. புவனேஸ் கழுவித் தொடச்சிட்டா."

உள்ளே மைக்கோடு நின்ற கிரகரிதான் முதலில் பேசினார்: "காவக்காரனை அணைச்சது நான்தான்."

"அதான் தெரியுமே! ஒன் பாட்டைச் சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் தங்கம்மா. பிறகு ஐவியைப் பார்த்தாள். "அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் நான் காத்திருக்கணும். என் தப்புதான்."

ஐவி வாயைத் திறந்தாள். தங்கம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இங்க கூப்பிடாத. நானும் அவரும் வீட்டுலதான் இருக்கோம். ஆறு மணி வரைக்கும் எங்கயும் போவல." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

7

ஐவி தலை வாரினாள், நல்ல சேலை எடுத்தாள், ஆரஞ்சும் பத்திரிகையும் தட்டில் வைத்தாள். பத்தடி நடக்க கிரகரி காலில் சப்பாத்து மாட்டினார். "ரெண்டு பேரும் இருக்காங்களான்னு லிஸ்ட்ல பாத்துக்கவா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டார். ஐவிக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது.

பக்கத்து வீட்டு வாசல். கதவு ஏற்கனவே திறந்திருக்கிறது. ராமசாமி சட்டை போட்டு நிற்கிறார். தங்கம்மா முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு, அப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி, "அடடே, யாரு?" என்கிறாள்.

ஐவி தட்டை நீட்டுகிறாள். 'வந்துடணும்' என்று எல்லார் வீட்டிலும் சொன்னது இங்கே போதாது. ஒன்பது வருஷம் கழித்து முதல் வார்த்தை. நானும் பதினேழு வார்த்தை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு வாசல் இருக்கும், உங்களுக்குத்தான் தெரியும். அந்த வார்த்தையை நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம்லா, மணி ஆறாகப் போகிறது.