எலுமிச்சம்பழத்தில் ஏறிய டிரான்ஸ்பார்மர்

1
இந்தக் கதை ஒரு கரண்ட் கட்டில் பிறந்தது. எண்ணெய் நிறைந்த டிரான்ஸ்பார்மர் நிலநடுக்கத்தில் என்ன செய்யும் என்று போனில் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே எண்ணெய் அலம்பும்; அதைப் பழுது என்று நினைத்து ரிலே என்ற காவல் கருவி கரண்டை நிறுத்திவிடும். சக்கரத்தைப் பிணைக்காவிட்டால் டிரான்ஸ்பார்மரே தண்டவாளத்தில் உருளும். ஐம்பது டன் சாமான் உருளும் என்றதும் கதை எழுதும் ஆசை வந்தது. பிறகு கரண்டும் வந்தது. ஆசை போகவில்லை.

2
முதல் தொடக்கம்: திண்டுக்கல் சமவெளியின் மேல் அன்று காலை ஒரு விசித்திரமான மௌனம்... (வேண்டாம். அன்று காலை மைக் செட் போட்டிருந்தார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: கன்னிவாடிப் பக்கம் ஒரு துணைமின் நிலையம். (இல்லாத நிலையம், தேடிப் போகாதீர்கள்.) உதவிப் பொறியாளர் சகாயசெல்வி டீ குடித்துக்கொண்டிருந்தபோது தரை நாலு வினாடி ஆடியது. டீ சிந்தவில்லை. டிரான்ஸ்பார்மர் நின்றுவிட்டது.

3
ஆயுத பூஜை முடிந்து நாலாம் நாள். வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம் அல்லவா? டிரான்ஸ்பார்மருக்கும் சக்கரம் உண்டு. ஆபரேட்டர் பொம்மையன் பெயின்ட் அடிக்க, சக்கரம் உருளாமல் பிடிக்கும் இரும்பு ஸ்டாப்பர்களைக் கழற்றியவர், அந்த இடத்தில் பக்தியோடு நாலு பழம் வைத்தார். டிரான்ஸ்பார்மரை யார் ஓட்டுவது? நிலநடுக்கம் வந்து ஓட்டும்வரை பழம் அப்படியே இருந்தது.

சகாயசெல்வி குனிந்து பார்த்தாள். இரண்டு பழம் நசுங்கியிருந்தது. டிரான்ஸ்பார்மர் மூன்று விரற்கடை நகர்ந்ததில், மேலே கம்பி இழுத்து, அது நுழையும் பீங்கான் புஷ்ஷிங் விரிசல் விட்டு எண்ணெய் சொட்டியது. ஸ்டாப்பர் இருந்திருந்தால் ரிலே மட்டும் ஏமாந்திருக்கும். சோதித்துவிட்டு அன்றைக்கே கரண்ட் கொடுத்திருக்கலாம். இப்போது நாற்பது ஊர் இருட்டில்.

4
பொம்மையன் ஓய்வுபெற இன்னும் இரண்டு மாதம். (உங்கள் பரிதாபத்துக்காகச் சேர்த்தேன். பிறகு எடுத்துவிடப் பார்த்தேன். அதற்குள் பென்ஷன் தாள்களைக் கொடுத்துவிட்டாராம்.)

"ஸ்டாப்பர நான் மாட்ட மறந்துட்டேன்னு ரிப்போர்ட்ல எழுதிருங்க மேடம்."

"நீங்க மறக்கலண்ணே. மறுநாளே மாட்டிரவான்னு கேட்டீங்க. பெயின்ட் காயட்டும், அப்புறம் பாப்பம்னது நான்தானே?"

"அத யாரு கேட்டா? நாம ரெண்டு பேருந்தேன் இருந்தோம்."

"பென்ஷனை நிறுத்திருவாங்க."

"உங்களுக்கு இன்னும் இருபத்தஞ்சு வருசம் கெடக்கு. எனக்கு ரெண்டே மாசம்."

இதை நான் எழுதவில்லை. அவராகவே சொன்னார். எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

5
முடிவு அ: காரணம் 'நிலநடுக்கம்' என்று மட்டும் எழுதுகிறாள். மேலதிகாரி, சரிம்மா, ஸ்டாப்பர் எங்கே என்கிறார்.

முடிவு ஆ: ஆள் வருவதற்குள் ஸ்டாப்பர்களை மாட்டிவிடுகிறார்கள். (முடியாது. சக்கரம் நகர்ந்துவிட்டது, போல்ட் ஓட்டை பொருந்தாது. எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை.)

முடிவு இ: அவள் உண்மையை எழுதுகிறாள், அதனால்

இதற்குமேல் என்னால் முடியவில்லை. எனக்கு இருவரையும் பிடித்துவிட்டது. மேலதிகாரியின் ஜீப் கேட்டருகே வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் 'பொறுப்பானவர்' என்ற கட்டத்தின் முன் சகாயசெல்வி உட்கார்ந்திருக்கிறாள். பொம்மையன் எதிரே நிற்கிறார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். கட்டம் சிறியது, ஒரு பெயர்தான் பிடிக்கும். நீங்களே எழுதிவிடுங்கள். எழுதிய பெயரை அவர்கள் முகத்தைப் பார்த்துப் படித்துக் காட்டுவதும் உங்கள் வேலைதான்.