பழையதற்கே திரும்பு

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவின் மக்காசார் நகரில் வேலை பார்த்த காலத்தில் இந்தத் தவறைச் செய்தவன் நானே. ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் தென்றி என்றொரு பெண்ணை உண்டாக்கி அவள் தலையில் கட்டுகிறேன்.

தென்றி, கோத்தோ என்னும் மாட்டிறைச்சி சூப்பை ஆற வைத்துவிட்டு— (வேண்டாம். சாப்பாட்டில் தொடங்கினால் அதிலேயே நின்றுவிடுவேன்.)

2

தூரத்துத் தீவு ஒன்றின் மருத்துவமனைக் கணினியை மக்காசாரில் இருந்தபடியே பார்த்துக்கொள்பவள் தென்றி. அங்கே பிறந்து மூன்று நாளான குழந்தையின் இதயத்துடிப்பு அதன் வழியாகத்தான் நகரத்து டாக்டருக்கு வருகிறது. அதைப் பார்த்துத்தான் அவர் மருந்து சொல்கிறார். இணைப்போ மணிக்கொரு முறை அறுந்துபோகிறது. காரணம், இணைப்பு அட்டையின் பழைய டிரைவர்.

(டிரைவர்: கணினிக்கும் அட்டைக்கும் நடுவே பேசும் சிறு நிரல். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டலாம். இங்கே நிறுத்தவே கூடாது. தொட்டிலருகே அபாய மணி அடிப்பதும் அதே கணினிதான்.)

"பழச கழட்டிட்டேன் டாயெங்," என்றாள் தென்றி.

பக்கத்து மேசை டாயெங் சிருவா நிமிர்ந்தார். (டாயெங்: அங்கே மூத்தவர்களை 'அண்ணன்' என்பதுபோல் அழைக்கும் சொல்.) "எது வழியா உள்ள போயிருக்க?"

"அந்த இணைப்பு வழியா…"

"நல்லா செஞ்ச போ. ஏறி நிக்கிற ஏணியையே உருவிட்ட."

புதியதை மாட்டச் சொல்லும் கட்டளை போக இப்போது வழியில்லை. தீவுக்குப் போனும் அந்த இணைப்பில்தான். அடுத்த படகு வியாழக்கிழமை.

3

இங்கே நானும் மாட்டிக்கொண்டேன். தீவில் ஹஸ்னா என்ற நர்ஸை வைத்திருந்தேன். அவளிடம் பேச எனக்கும் வழியில்லை. ஒரு வரைவில் ஹஸ்னாவே கணினிமுன் அமர்ந்து— (பொய். அவளுக்குக் கைநிறைய வேலை.) இன்னொன்றில் குழந்தை… அதை எழுத மனம் வரவில்லை. கிழித்துவிட்டேன்.

தென்றி நகரத்து டாக்டரின் எண்ணைத் தேடினாள். "டாக்டருக்கு என்ன சொல்றது?"

"அது இருக்கட்டும். கழட்டுறதுக்கு முன்னாடி டைமர் வெச்சியா?"

('ஐந்து நிமிடத்தில் நான் வந்து தடுக்காவிட்டால் பழையதற்கே திரும்பு' என்று அந்தக் கணினியிடமே முன்கூட்டிச் சொல்லிவைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். அன்று நான் வைக்கவில்லை. இரண்டு நாள் படகில் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன்.)

"வெச்ச மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?"

"நடுவுல சாப்பாடு வந்துச்சு டாயெங். வெச்சேனா, வைக்கணும்னு நெனச்சேனா, ஞாபகமில்ல."

4

நான்காவது நிமிடம். சூப்பின் மேல் கொழுப்பு உறைந்திருந்தது. ஐந்து. ஒன்றுமில்லை. (அட்டை விழித்தெழச் சற்று நேரம் பிடிக்கும். முன்பே சொல்லியிருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆறாவது நிமிடம் திரையில் ஓர் எண் வந்தது. 138. பிறகு 141. பிறகு 139.

தென்றி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. "வெச்சிருக்கேன் டாயெங். வெச்சிருக்கேன்."

"மொதல்ல சூப்பக் குடி. எனக்கு உயிரே போயி வந்துச்சு."

எனக்கும்தான்.

5

ஆனால் திரும்பியிருப்பது பழைய டிரைவர்; ஒரு மணி நேரத்தில் மறுபடி அறுந்துபோகும். கழற்றுவதையும் மாட்டுவதையும் இம்முறை ஒரே வரியில் எழுதிவிட்டாள் தென்றி; நடுவில் இணைப்பு போனாலும் இரண்டையும் அந்தக் கணினியே செய்து முடித்துவிடும். டைமர் வைத்தாயிற்று. டாயெங் சிருவா எட்டிப் பார்த்து இரண்டு முறை சரிபார்த்தார்.

அவள் விசையை அழுத்தும் வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. என் கைராசி உங்களுக்குத் தெரியும். நீங்கள் அழுத்துங்கள். தவறிப்போனாலும் ஆறாவது நிமிடத்தில் குழந்தையின் துடிப்பு திரும்பி வந்துவிடும்.