அவர் மனைவி மறக்கும் வரை

ஆம்புலன்ஸ் ஓட்டுகிற எனக்கு ஆமை என்று பட்டப்பெயர் வைத்தவனை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டியில் என்னோடு வரும் மருத்துவ உதவியாளருக்கு வக்கீல் என்று பெயர். அதை வைத்தவன் மட்டும் விவரம் தெரிந்தவன். நோயாளியின் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதற்குக்கூட "கழட்டலாமா ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவளோடு போன எந்த வேலைக்காகவும் நாங்கள் காவல் நிலையப் படி ஏறியதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அன்று காலையில் நெஞ்சு வலி என்று அழைப்பு வந்தது. அடுக்குமாடிக் கட்டடம், மேல்தளம். கூப்பிட்டது பக்கத்து வீட்டு அக்கா, கதவைத் திறந்ததும் அவர்தான். சோபாவில் ஒரு பெரியவர் பனியன் தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்து, இடது தாடையைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. தலை வாரிப் பின்னி, நகம் வெட்டி, முகத்தில் பவுடர் பூசி, பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை மாதிரி இருந்தார். அவரை அப்படி வைத்திருப்பது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"யாரு இவங்க?" என்றார் அந்த அம்மா.

"லிஃப்ட் பாக்க வந்தவங்கம்மா," என்றார் பெரியவர்.

அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். அந்த அம்மாவுக்கு நினைவு நிற்பதில்லை. வக்கீல் பெரியவரின் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி முடிப்பதற்குள் அந்த அம்மா மறுபடியும் "யாரு இவங்க?" என்று கேட்டார். மறுபடியும் அதே பதில், கொஞ்சம்கூடச் சலிப்பில்லாமல்.

"எங்க வீட்டுக்கு யார் வந்தாலும் லிஃப்ட் பாக்க வந்தவங்கதான்," என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "டாக்டர்னு சொன்னா பயந்துடுவா."

இ.சி.ஜி. இயந்திரம் துப்பிய காகிதத்தைப் பார்த்ததும் வக்கீலின் முகம் மாறியது. மாரடைப்பு, அதுவும் பெரிது. ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். மென்றார். நான் சக்கர நாற்காலியை விரித்தேன்.

"நான் வரல," என்றார்.

"ஐயா, விளையாடாதீங்க," என்றேன்.

"இவளை விட்டுட்டு எப்படி வர்றது?"

"நான் பாத்துக்கறேன்ணா," என்றார் அக்கா.

"அவங்களையும் கூட்டிட்டுப் போயிடலாமே?" என்றேன்.

"வாசலைத் தாண்டினாலே நிலையைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துவா தம்பி. உங்களுக்குத் தெரியாது."

வக்கீல் தன் கேள்விகளை ஆரம்பித்தாள். இன்னிக்கு என்ன கிழமை, எங்க இருக்கீங்க, உங்களுக்கு என்ன ஆகுது. எல்லாவற்றுக்கும் பிசகாமல் பதில் சொல்லிவிட்டு, "லிஃப்ட் கதவு மூடாம இருக்க மருந்துப் பெட்டியை அண்டக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. மணி அடிக்கிறது கேக்குதா? சென்சார் போயிடும்," என்று என்னையும் ஒரு பிடி பிடித்தார். என் புத்தியைவிட அவர் புத்தி தெளிவாக இருந்தது. சிக்கலே அதுதான். தெளிவாக இருக்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தொடக் கூடாது. ஆனால் மறுத்தால் என்ன ஆகும் என்பதைப் பூசி மெழுகாமல் அவரிடம் சொல்லியாக வேண்டும். அதுவும் விதி.

வக்கீல் அவர் முன்னால் மண்டியிட்டாள். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"ஐயா, இது மாரடைப்பு. இப்ப வரலேன்னா உங்க இதயம் நின்னு போகலாம். நீங்க செத்துப் போகலாம். நான் சொல்றது புரியுதா?"

பெரியவர் மனைவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"சரி, வரேன்," என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியை அவர் பக்கத்தில் தள்ளினேன்.

"செத்துப் போவீங்களா?"

கேட்டது அந்த அம்மா. இரண்டு கையாலும் பெரியவரின் பனியனைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "செத்துப் போகாதீங்க. என்னை விட்டுட்டுப் போகாதீங்க."

அக்கா மெல்ல அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். அந்த அம்மா போட்ட அலறலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"பிரிக்காதீங்க!" என்று கத்தினார் பெரியவர். கத்தியதில் மூச்சு வாங்கியது. "இப்படியே விட்டுட்டுப் போனா பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிடுவா. கொஞ்சம் பொறுங்க, மறந்துடுவா. யாரு இவங்கன்னு கேட்டா, மறந்துட்டான்னு அர்த்தம். கேட்டதும் கிளம்பிடலாம்."

"ஐயா, அவ்வளவு நேரம் இல்ல," என்றாள் வக்கீல்.

"தெரியும்மா. இவ கேக்கட்டும்."

நான் வக்கீலைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனேன். "தூக்கிட்டுப் போயிடலாம். நான் கால், நீ தலை."

"அவர் வேணாங்கறார் அண்ணே. தெளிவா இருக்கார். இப்ப கை வெச்சா அது உதவி இல்ல, அடிதடி."

"அப்ப எப்பத்தான் தூக்கலாம்?"

"அவர் சரின்னு சொல்லணும். இல்லேன்னா நினைவு தப்பணும். தப்பிட்டா, வரேன்னுதான் சொல்லியிருப்பார்னு எடுத்துக்கலாம்."

பிழைக்க வாய்ப்பிருக்கும்போது தொடாதே, விழுந்த பிறகு தூக்கு. இந்த விதியை எழுதியவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். ஆனால் அந்த சோபாவில் நான் உட்கார்ந்திருந்து, என் மனைவி என் பனியனைப் பிடித்திருக்கும்போது எவனாவது என்னைத் தூக்க வந்தால் அவன் மூக்கை உடைத்திருப்பேன் என்றும் தோன்றியது. அதனால் வாயை மூடிக்கொண்டு வந்து நின்றேன்.

மறக்கடிக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்தோம். அக்கா டிவியைப் போட்டார். பெரியவர் ஜன்னலில் இருந்த புறாவைக் காட்டினார். நான் கையுறையை ஊதிக் கொம்பு முளைத்த பலூனாக்கி ஆட்டினேன். அந்த அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாப்பிட்டதை மறக்கிறவர், பெற்ற மகனின் முகத்தையே மறந்தவர் என்று அக்கா என் காதில் சொன்னார். அப்படிப்பட்டவர் இந்த ஒரு வார்த்தையை மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பப் போகலாமா ஐயா?" என்று வக்கீல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் கேக்கலியே," என்றார் அவர். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மனைவியின் தலையைத் தடவிய கை நடுவில் நின்று, யோசித்து, மறுபடி தடவியது. வக்கீல் அவர் நாடியிலிருந்து விரலை எடுக்கவேயில்லை. கையாலாகாமல் நிற்பதற்கா எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று இருந்தது.

பனியனில் இருந்த பிடி தளர்ந்தது. முதலில் ஒரு கை, அப்புறம் இன்னொன்று. அந்த அம்மா என் பலூனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரு இவங்க?"

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். நான் நாற்காலியை இழுத்தேன். பெரியவர் சிரித்தார். ஜெயித்த சிரிப்பு.

"லிஃப்ட்..." என்றார். தலை மனைவியின் தோளில் சாய்ந்தது.

வக்கீல் கூப்பிட்டுப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். "நாடி இல்ல. கீழ படுக்க வைங்க," என்றாள். இப்போது யாரையும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தரையில் கிடத்தி நான் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன். வக்கீல் ஷாக் கொடுக்கும் பட்டைகளை ஒட்டினாள். இயந்திரம் விலகச் சொன்னது, விலகினோம். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி விலகினோம். ஒன்றும் மாறவில்லை.

அக்கா உள்ளே அழைத்துப் போகப் பார்த்தும் கேட்காமல், அந்த அம்மா வந்து என் தலைக்கு மேல் நின்றார்.

"யாருங்க நீங்க?"

எப்போதும் பதில் சொல்கிறவர் என் கைக்குக் கீழே கிடந்தார்.

"லிஃப்ட் பாக்க வந்தோம்மா," என்றேன், அழுத்துவதை நிறுத்தாமல்.

"அப்ப அவரை எழுப்புங்க," என்றார். "லிஃப்ட்னா அவருக்குத்தான் தெரியும்."