மூக்காயி வீட்டு ஓடுதளம்

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தவனைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அடிக்கிற ஆடிக் காற்றில், வாயில் எதையோ குதப்பிக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் தெருவைக் கடந்து போனால் யாருக்கு என்ன விளங்கும்? "எதிர்கால வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு" என்று ஒரு துண்டு காதில் விழுந்தது. அப்புறம் "ஓடுதளம்". அப்புறம் "பள்ளிக்கூடத்தில் கூட்டம், பொதுமக்கள் தங்கள் கருத்துகளை". மிச்சத்தைக் காற்று சித்தன்னவாசல் பக்கம் கொண்டுபோய்விட்டது.

ஓடுதளம் என்றால் என்ன? டீக்கடைப் பெரியண்ணனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"ஓடுறதுக்கு ஒரு தளம். போலீசு செலக்சனுக்கு நம்ம பயலுக ரோட்டுல ஓடி லாரிக்காரன்கிட்ட திட்டு வாங்குறானுகள்ல, அதுக்குத்தான்" என்றார்.

என் அடுத்த வீட்டு மூக்காயி மதினி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்ணே, ஓடு தெரியுமா ஒங்களுக்கு? தளம் தெரியுமா? ஒழுகுற தளத்துக்கு ஓடு பதிச்சுத் தர்றாக. அம்புட்டுத்தான்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தட்டு ஓடு பதித்த மாடி ஒழுகாது என்பது ஊருக்கே தெரியும். அரசாங்கத்துக்கும் ஒருநாள் தெரிந்துதானே ஆக வேண்டும்.

மதினி இருப்பது எப்போதோ அரசாங்கம் கட்டித் தந்த தொகுப்பு வீடு. கான்கிரீட் தளம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. மழை பெய்தால் வெளியே நிற்பவர்களைவிட உள்ளே நிற்பவர்கள்தான் அதிகம் நனைவார்கள். மகள் இலக்கியாவுக்குத் தலைப்பிரசவம், ஐப்பசியில். தொட்டில் கட்ட அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கொக்கி. ஒழுகுவதில் முதலிடமும் அந்தக் கொக்கிக்கே. ஆவுடையார்கோவில் சம்பந்தியம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒழுகுற வீட்டுக்கு எம் மருமகள அனுப்ப மாட்டேன். பிரசவத்த நாங்களே பாத்துக்கிறோம்." தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கவில்லை என்றால் மதினி தெருவில் எப்படித் தலைகாட்டுவாள்? இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் இடுப்பளவுதான். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கூட்டத்தன்று மதினி நூறு நாள் வேலை முடிந்து, காலில் மண்ணோடு தாமதமாகத்தான் வந்தாள். நான் பின்வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தேன். அதிகாரியம்மா கலர்கலராக ஒரு படத்தைத் தொங்கவிட்டு, குச்சியால் தொட்டுக் காட்டிப் பேசினார். கட்டம் ஒன்று, கட்டம் இரண்டு, வானூர்தி முனையம் என்றார். ஒவ்வொரு சொல்லும் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் புரியவில்லை. முன்வரிசை ஆண்கள் எழுந்து, "ஓடுதளம் வேணாம், வேணாம்!" என்று கத்தினார்கள்.

"இவனுகளுக்கு என்ன கேடு? சும்மா குடுக்குறத வேணாங்கிறானுக" என்றாள் மதினி.

"எல்லாம் வசதியான வீட்டுக்காரனுக. அவுகளுக்கு ஒழுகுனாத்தானே" என்றேன்.

அவ்வளவுதான். மதினி விறுவிறுவென்று போய் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"மேடம், எனக்கு ஓடுதளம் வேணும். மொத ஆளா எங்க வீட்டு மேல போடுங்க. ஐப்பசி மழைக்கு முந்திப் போட்டுருங்க, புண்ணியமாப் போகும்."

முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அதிகாரியம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வறண்ட கண்மாயில் தண்ணீர் வந்த மாதிரி. "பாருங்க, இந்தம்மாவுக்கு இருக்கிற தொலைநோக்குப் பார்வை!" என்று கைதட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள். என்னவோ ஏதோ என்று நானும் தட்டிவைத்தேன்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ரகுநாத்துதான் மதினியை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கினான். ஏர்போர்ட் ஏர்போர்ட்டாக ஏறி இறங்கியவன்.

"சின்னம்மா, ஓடுதளம்னா ரன்வே. பிளேன் எறங்குற ரோடு."

"எந்தப் பிளேனு?"

"நம்ம பொட்டல்ல ஏர்போர்ட் வருதுன்னு சொல்லுவாங்கள்ல, அதுக்குத்தான் இந்தக் கூட்டமே."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தப் பொட்டலுக்கு விமானம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். இதுவரை வந்தது ஆடுகள்தான். ஆகவே எங்கள் தெருவில் ஒருவருக்கும் அந்த நினைப்பு வரவில்லை.

"அப்ப நான் ஏரோப்பிளேனையா எங்க வீட்டு மேல எறங்கச் சொன்னேன்?"

"ஐப்பசிக்கு முந்தின்னு தேதியும் குடுத்திருக்கீங்க" என்றான் அந்தக் கடன்காரன்.

மதினி அதிகாரியம்மாவிடம் ஓடினாள். நானும் துணைக்கு ஓடினேன். கேட்காமல் விட்டால் அப்புறம் யார் சொல்வது?

"மேடம், நான் சொன்னதத் திருப்பிக்கிறேன். எங்க வீட்ட எடுத்துராதீங்க."

அதிகாரியம்மா படத்தில் தேடினார். "முதல் கட்டத்துல ஒங்க வீடு வரலம்மா. பயணிகள் கூடி, பெரிய விமானங்கள் வந்தா, ஓடுதளத்த நீட்டுவோம். அப்ப வரலாம். அது எதிர்காலம்."

"எதிர்காலம் எப்ப மேடம்?"

அவர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் படத்தைப் பார்த்தார். படம் காற்றில் ஆடியது.

"அது வளர்ச்சியைப் பொறுத்தது."

"அப்ப எங்க வீடு இருக்கா, இல்லையா?"

"இப்ப இருக்கு" என்றார். நல்ல மனுஷிதான், பாவம். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

வீடு பழுதுபார்க்கும் திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்று மதினி ஒரு ஆபீசுக்குப் போனாள். "எதிர்காலத்துல இடிக்கப் போற வீட்டுக்கு இப்ப எப்படிம்மா ஓடு பதிக்கிறது?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்காரர்களோ, "இப்பத்தான் எடுக்கலையே, நீங்களே பதிச்சுக்கங்க" என்றார்கள். எதைக் கொண்டு பதிப்பது? நடந்ததெல்லாம் ஆவுடையார்கோவிலுக்கும் எட்டிவிட்டது. எப்படி எட்டியது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் மட்டும்தான் சொன்னேன். "மொதல்ல மழை எறங்குச்சு, இப்ப ஏரோப்பிளேனும் எறங்குதாக்கும்" என்றாளாம் சம்பந்தியம்மா.

புரட்டாசியில் சர்வேக்காரர்கள் இரண்டு பேர் ட்ரோனோடு வந்தார்கள். வானத்திலிருந்து படம் எடுக்கும்போது தெரிகிற மாதிரி, தட்டையான மாடி ஒன்றில் பெரிய குறி போட வேண்டுமாம். ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. மதினி மட்டும், "வாங்க தம்பி" என்று மாடிக்கு அழைத்துப் போனாள். எனக்கும் வடகம் காயப்போடும் வேலை இருந்ததால் என் மாடியில் நின்றேன்.

"எதுல குறி போடுவீங்க?"

"வெள்ளைப் பெயிண்டுலம்மா."

"இப்படி வெடிச்சுக் கெடக்குறதுல பெயிண்டு நிக்குமா? ஒரு மழைக்கு உரிஞ்சு போயிரும். அப்பறம் ஒங்க பிளேனு கோயில் கோபுரத்துல போயில்ல எறங்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் சிமெண்டும், அதில் கலக்கத் தண்ணீர் இறங்காத மருந்தும் வந்தன.

"இந்த எடத்துல பூசலாமாம்மா?"

"அங்கிட்டு வேணாம் தம்பி, மரம் மறைக்கும். இங்கிட்டு வாங்க. இன்னுங் கொஞ்சம். ஆங், அங்கதான். நல்லா அகலமாப் பூசுங்க, மேல போறவனுக்குக் கண்ணு தெரிய வேணாமா?"

மதினி காட்டிய இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பது அங்கே நின்ற நாலு பேரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பாய் அகலத்துக்குப் பூசி, அதன் மேல் கூட்டல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். குறி போட்டால் இடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம் என்றார் பெரியண்ணன். குறி போட்ட வீட்டைத் தொடமாட்டார்கள், தொட்டால் அடையாளம் போய்விடுமே என்றான் ரகுநாத். சர்வேக்காரர்களிடமே கேட்டதற்கு, "தெரியலங்க, படம் எடுக்கச் சொன்னாங்க, எடுக்குறோம்" என்றார்கள்.

ஐப்பசி முதல் மழை கொட்டிய அன்று, கொஞ்சம் புளி வாங்கும் சாக்கில் குடையோடு போனேன். வீடெங்கும் குண்டான், வாளி, சருவச்சட்டி. எல்லாவற்றிலும் டொக்கு டொக்கென்று சொட்டிக்கொண்டிருந்தது. நடுவே கொக்கியில் பழைய சேலைத் தொட்டில். மதினி உள்ளே கைவிட்டுத் துழாவினாள். வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள். நானும் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது.

உடனே சம்பந்திக்கு வீடியோ கால். போனைத் தொட்டிலை விட்டு இம்மிகூட நகர்த்தாமல், "பாருங்க சம்பந்தி, வெளிய கேக்குதுல்ல மழை? இங்க ஒரு சொட்டு இருக்கா?" என்றாள்.

"அதென்ன டொக்கு டொக்குன்னு சத்தம்?"

"நம்ம ராசலட்சுமி பாத்திரம் வெளக்குறா" என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் என்ன செய்வேன், ஒரு குண்டானை எடுத்து உருட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இலக்கியா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள்.

வீடு இருக்குமா போகுமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. எதிர்காலம் எப்போது என்றும் யாரும் சொல்லவில்லை. போன வாரம் சர்வேக்காரர்கள் குறி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வந்தார்கள். மதினி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டே மாடிப்படி வரைக்கும் போனாள்.

"ஒரு குறி போதுமா தம்பி? சமையக்கட்டுக்கு மேல இன்னொண்ணு கெடந்தா, பிளேன்காரவுகளுக்கு ஒத்தாசையா இருக்கும்ல?"